பிஸ்கொத்தின் மூச்சு

நவம்பர் 4, செவ்வாய்

கட்டடத்தின் கொதிகலன் மறுபடியும் படுத்துவிட்டது. வாசலில் தாள் ஒட்டியிருக்கிறார்கள், கூடிய விரைவில் சரிசெய்யப்படுமாம். இந்தப் பிரெஞ்சுக்காரர் ஊரில் கூடிய விரைவில் என்றால் பொங்கலுக்கு முன்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கென்ன, இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இருந்துவிடுவேன். பிஸ்கொத் என்ன செய்யும்?

பிஸ்கொத் என் மகள் சுபாங்கியின் பாம்பு. ஆபிரிக்க மலைப்பாம்பில் சின்ன இனம், என் கையை விடக் கொஞ்சம் நீளம். பயந்தால் கடிக்காது, பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு அதுதான் வேண்டும் என்று பிள்ளை நின்றாள். "ஒண்டில் நான், இல்லாட்டில் பாம்பு" என்று கஜந்தினி சொல்லிவிட்டாள். கஜந்தினி என் மனைவியாக இருந்தவள். பாம்பு என்னிடம் வந்தது. பிள்ளை தாயோடு, மெட்ரோ ஓடி முடிகிற பொபினியில்.

நீதிமன்றம் எனக்குத் தந்தது ஒன்றுவிட்ட சனி ஞாயிறு. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து சேர்ப்பது நீதிமன்றம் இல்லை, பாம்பு. எனக்கு அது நன்றாகத் தெரியும். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே பிஸ்கொத் எப்படி என்றுதான் கேட்பாள். என்னைக் கேட்பது பிறகு.

பாம்பின் கண்ணாடிப் பெட்டியின் மேல் கம்பளியைப் போர்த்துவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

நாளை பிள்ளை வருகிறாள். வீடு கூட்டி, துடைத்து, மீன் வாங்கி, சாமிக்கு விளக்கேற்றி, சாம்பிராணியும் போட்டாயிற்று. கொதிகலன் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. பெட்டியை ஜன்னல் பக்கமிருந்து எடுத்து உள்சுவரோடு வைத்தேன், சுவரில் அடித்த சாமித் தட்டுக்கு நேர் கீழே. பக்கத்து வீட்டு அடுப்புச் சூடாவது சுவரால் வரட்டும். ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் ஒட்டுநாடா ஒட்டினேன். ஈர உடுப்பும் உள்ளேதான் காய்கிறது, வேறு வழியில்லை.

மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. விசில்போல. தண்ணீர்க் குழாயாக இருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

வந்தாள், போனாள். பிஸ்கொத் சாப்பிடவில்லை. உறைந்த எலியை இளக வைத்து இடுக்கியில் பிடித்து ஆட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீன் குழம்பு வைத்தேன், அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. தொலைபேசியும் கையுமாக இருந்தாள். பள்ளிக்கூடம் எப்படி? "சா வா." அம்மா எப்படி? "சா வா." எல்லாம் பரவாயில்லை. இந்தப் பிள்ளையிடம் எதைக் கேட்டாலும் பரவாயில்லைதான்.

நவம்பர் 12, புதன்

குழாய் இல்லை. பிஸ்கொத்தான்.

கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சு விடும்போது விசில், நடுவில் ஒரு சொடுக்கு. தலையை நிலத்தில் வைக்காமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே கிடக்கிறது. மூக்கில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

கடையில் லவனிடம் சொன்னேன். நாங்கள் இருவரும் ஒரே மேசையில் தொலைபேசி திருத்துகிறோம். "பாம்பு எண்டால் சீறத்தானே அண்ணை செய்யும்" என்று சிரித்தான். ஈயம் உருக்குகிறான், புகை உறிஞ்சியைப் போடவில்லை. "அதைப் போட்டிட்டுச் சிரி. உன்ர நெஞ்சுக்குள்ளை போகுது" என்று கத்தினேன். பாவம், அவன் என்ன செய்வான்?

பின்னேரம் கோசலை அக்காவின் அழைப்பு. லா கூர்நெவ்வில் இருந்துகொண்டே என் வீட்டை நடத்துகிற ஆள். "நான் அண்டைக்கே சொன்னனான். உது சும்மா பிராணி இல்லை. நாகதம்பிரானை நினைச்சுப் பின்னேரத்திலை சாம்பிராணி காட்டு. சுகமானால் பொங்கிப் படைக்கிறன் எண்டு நேர்ந்து வை" என்றாள். எனக்கு இதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கரி வில்லையைப் பற்ற வைத்தேன். பெட்டியைச் சுற்றி மூன்று தரம் காட்டினேன். நாகதம்பிரானே, பிள்ளையின் பாம்பு.

உண்மையில் நான் கும்பிட்டது பாம்புக்காகவா?

நவம்பர் 13, வியாழன்

அந்தச் சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்து பிள்ளைக்கு அனுப்பினேன். நான் அனுப்புவதற்கு மறுமொழி வர வழக்கமாக இரண்டு நாளாகும். இன்று உடனே அழைத்தாள்! பாம்புக்கு மூச்சுக்குழாயில் தொற்று வந்தால் இப்படித்தான் கேட்குமாம், வாயைத் திறந்து மூச்சு விடத் தொடங்கினால் நிலைமை மோசமாம், இப்போதே விலங்கு மருத்துவரைக் கூப்பிடுங்கோ என்றாள். பிரெஞ்சும் தமிழும் கலந்து கொட்டினாள். "ஏனப்பா முதலே சொல்லேல்லை?"

ஏன் சொல்லவில்லை? குழாய் என்று நினைத்தேன் பிள்ளை.

நவம்பர் 15, சனி

என்னுடைய சனி இல்லை. ஆனாலும் கஜந்தினி விட்டாள். "பாம்புக்காகவா? சரி" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

தலையணை உறைக்குள் பாம்பு, உறை ஒரு பெட்டிக்குள், பெட்டிக்குள் சுடுதண்ணீர்ப் போத்தல், பெட்டி என் மடியில். மெட்ரோவில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா பூனையா என்று கேட்டார். ஓம் என்றேன். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம்.

டொக்டர் பெயர் ஆன்-சோஃபி. சின்னப் பெண். வாயைத் திறந்து பார்த்தார், உள்ளே நூல்நூலாகச் சளி. பாம்பால் எங்களைப்போல இருமித் துப்ப முடியாதாம், சளி உள்ளேயே தங்கிவிடுமாம். அதனால்தான் சத்தம் கேட்டவுடன் வர வேண்டுமாம். பிந்தினால் நிமோனியா, அதற்குப் பிறகு உறுதியில்லை. ஒரு பக்கம் முப்பத்தோரு பாகை சூடு வேண்டும், மறுபக்கம் கொஞ்சம் குறைய. காற்று ஓட வேண்டும். ஈர உடுப்பை அங்கே காயப்போடக் கூடாது. கீழே விரித்திருக்கும் மரத்தூள் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். தலையாட்டினேன். ஒவ்வொன்றும் என் தலையில் குட்டுகிற மாதிரி இருந்தது.

வீட்டில் புகை ஏதும் உண்டா என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், நான் சிகரெட்டை விட்டுப் பல வருடம், வீட்டுக்கு வருகிறவர்களையும் பிடிக்க விடுவதில்லை. வாசனை மெழுகுவர்த்தி? ஸ்பிரே? ஒன்றும் இல்லை. சுபாங்கியும் பக்கத்திலிருந்து இல்லை என்று தலையாட்டினாள்.

மூன்று நாளுக்கு ஒருமுறை ஊசி. வீட்டிலேயே போட வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் குத்த.

"நான் வாறன்" என்றாள் பிள்ளை. தமிழில்.

நவம்பர் 18, செவ்வாய்

வீட்டில் முதல் ஊசி. உடம்பின் முன்பக்கம், முதுகெலும்புக்கு ஒரு பக்கமாக, செதிளுக்கும் செதிளுக்கும் இடையில். பள்ளிக்கூடம் முடிய ஸ்டாலின்கிராட்டில் மெட்ரோ மாறி வந்தாள். கையைக் கழுவினாள். பிஸ்கொத்தை மார்போடு அணைத்து மெதுவாகப் பிடித்தாள். என் கை உதறிய உதறலுக்குக் கூட்டுகிற தும்புத்தடியே பிடித்திருக்க முடியாது. ஒரு மில்லிமீட்டர்த் திருகாணியை மூச்சை அடக்கிப் பூட்டுகிறவன் நான், ஒரு பாம்புக்கு முன்னால் இப்படியா?

"தூஸ்மோ, அப்பா." மெதுவாக. பாம்புக்குச் சொல்லவில்லை, எனக்குத்தான் சொன்னாள்.

போட்டுவிட்டேன். பிறகு புட்டும் சம்பலும் சாப்பிட்டாள். இரண்டாம் தரமும் கேட்டாள்.

கொதிகலனுக்கு உயிர் வந்துவிட்டது.

நவம்பர் 21, வெள்ளி

இன்றைக்கும் ஊசி, நாளை என் சனியும்கூட. வீட்டில் இரண்டு நாள் நிற்பாள். அவள் வர முன்பே சாம்பிராணி போட்டு முடித்தேன். இப்போது ஒவ்வொரு பின்னேரமும் போடுகிறேன், ஒரு நாளும் தவறவில்லை. உள்ளே நுழையும்போது மூக்கை உறிஞ்சி, "உம்ம்" என்கிறாள்.

நவம்பர் 24, திங்கள்

கணக்குப் பாடம் என் மேசையில் செய்தாள். எனக்கு விளங்கவில்லை. விளங்கியதுபோல உட்கார்ந்திருந்தேன்.

விசில் குறையவில்லை.

நவம்பர் 27, வியாழன்

இருப்புக்கொள்ளவில்லை. கடையில் ஒரு திரையை உடைத்தேன், உடைந்த திரையை மாற்றப்போய்ப் புதிய திரையை. லவன் தேத்தண்ணீர் வாங்கி வந்து வைத்தான். மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து வெப்பமானியைப் பார்த்தேன். முப்பத்தொன்று. ஈரமானியைப் பார்த்தேன். சரி. மரத்தூள் புதிது. தண்ணீர் புதிது. உடுப்பெல்லாம் தெரு முனையில் உள்ள சலவைக் கடையில் காய்கிறது. எல்லாம் டொக்டர் சொன்னபடிதானே? பிறகேன் தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறாய்? என்னதான் வேணும் உனக்கு?

பாம்போடு சண்டை பிடிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

பின்னேரம் ஊசி. பிள்ளை மூன்று தரம் காதை வைத்துக் கேட்டாள். போகும்போது என் கையைப் பிடித்தாள்.

சாம்பிராணி இன்னும் கொஞ்சம் கூடப் போட்டேன்.

நவம்பர் 29, சனி

மறுபடி டொக்டர். எடை குறைந்திருக்கிறது. நெற்றியைச் சுருக்கினார். மருந்து வேலை செய்திருக்க வேண்டும், வீட்டில் ஏதோ ஒன்று அதன் நெஞ்சைத் தொந்தரவு செய்கிறது, யோசித்துப் பாருங்கள் என்றார். யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வேறு மருந்து தந்தார். நாளையிலிருந்து இன்னும் சில ஊசிகள்.

இதையும் எழுதத்தான் வேண்டும். இன்னும் ஊசி என்று அவர் சொன்னபோது என் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. பிள்ளை இன்னும் சில நாள் வருவாள். பக்கத்தில் அவள் கண் கலங்கிக்கொண்டு இருக்கிறாள், நான் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறேன். நானும் ஒரு தகப்பன். வெட்கக்கேடு.

டிசம்பர் 2, செவ்வாய்

மேல்மாடி ரோசாலி அம்மா படிக்கட்டில் நின்றிருந்தார். புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். லிஃப்ட் இல்லாத கட்டடம், கையில் சந்தை வண்டி. நான் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார்.

மூன்றாவது திருப்பத்தில் நானும் நின்றுவிட்டேன். அதே விசில். நடுவில் அதே சொடுக்கு.

"என்னம்மா சத்தம் இது?" என்றேன். மரியாதை கெட்ட கேள்விதான், வாயில் வந்துவிட்டது.

"ஆஸ்த்மா முசியே கரிகாலன். தப்பா எடுத்துக்காதீங்க, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டுந்தான், நான் ஜன்னல சாத்திட்டு இருந்துடுவேன். இப்ப மூணு வாரமா தினமும் சாயந்தரம் போடறீங்களே? உங்க சாம்பிராணிப் புகை கிச்சன் காத்துக் குழாய் வழியா நேரா மேலதான் வருது. எங்க கோயில்ல தூபம் போட்டாலே நான் வெளிய போய் நிப்பேன்."

வண்டியை அவர் வாசலில் வைத்தேன். மன்னிப்புக் கேட்டேனா? ஞாபகம் இல்லை.

வீட்டுக்குள் வந்தேன். சாமித் தட்டு. தட்டில் தூபக்கால். அதற்கு நேர் கீழே பெட்டி. பெட்டியின் மேல்பக்கம் காற்றுத் துளைகள். ஜன்னல் இடுக்கெல்லாம் நான் ஒட்டிய ஒட்டுநாடா.

புகை உண்டா என்று கேட்டாவே அந்த டொக்டர்ப் பெட்டை. இரண்டு தரம் கேட்டா. நான் இல்லை எண்டன். பொய் சொல்லேல்லை. சத்தியமாப் பொய் சொல்லேல்லை. சாம்பிராணியை ஆர் புகை எண்டு நினைக்கிறது? அது சாமிக்குக் காட்டுறது. ஈயப் புகைக்கு லவனோடை கத்துறன். வீட்டுக்கு வந்து இருமவே தெரியாத சீவனின்ரை மூக்குக்குள்ளை நானே காட்டியிருக்கிறன், மூண்டு தரம் சுத்திச் சுத்தி. சுகமாக வேணும் எண்டு கும்பிட்டுக் கும்பிட்டு.

டிசம்பர் 3, புதன்

ஒட்டுநாடாவைக் கிழித்தேன். பெட்டியைப் படுக்கையறைக்குள் நகர்த்தி, காலையிலேயே சுற்றிவர ஜன்னலைத் திறந்து வீட்டைக் காற்றாட விட்டேன். சுவர், திரைச்சீலை, பெட்டியின் கண்ணாடி எல்லாம் துடைத்தேன். துணியில் மஞ்சள் கறை. தூபக்காலைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. சூடான உள்சுவர் பாம்புக்கு வேண்டும், அதனால் பெட்டியைத் திரும்ப அங்கேயே வைத்து, சாமிப் படங்களைக் குசினி அலுமாரியின் மேல் வைத்தேன். விளக்கும் பூவும் மட்டும்.

பின்னேரம் பிள்ளை வந்தாள், பழைய மணம் இன்னும் கொஞ்சம் நின்றது, ஊசி போட்டோம். சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டாள், போய்விட்டாள்.

சொன்னால் என்ன ஆகும்? பிஸ்கொத்தைப் பொபினிக்குக் கொண்டு போகிறேன் என்பாள். கஜந்தினி இப்போது விட்டாலும் விடுவாள். பிறகு இங்கே வருவதற்கு அவளுக்கு என்ன இருக்கிறது? புட்டுக்காக ஆர் ஸ்டாலின்கிராட்டில் மாறி வருவார்கள்?

டிசம்பர் 4, வியாழன்

கார்த்திகை விளக்கீடு. ஜன்னலில் மூன்று அகல். ரோசாலி அம்மாவுக்கு ஒரு டப்பா மோதகம் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன், இந்தமுறை ஒழுங்காக. "பாம்பா? உங்க வீட்லயா?" என்று சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "பாவம், அதுக்கும் என்னை மாதிரியா" என்றார்.

அக்கா அழைத்தாள். சொல்லிவிட்டேன். "பாம்புக்காகச் சாமியைக் குசினிக்குள்ளை தள்ளிப்போட்டியே! நேர்ந்தது என்ன கணக்கு?"

"நாகதம்பிரானுக்கே மூச்சு முட்டியிருக்கும் அக்கா."

வைத்துவிட்டாள். நாளை எடுப்பாள்.

டிசம்பர் 6, சனி

பிள்ளை உள்ளே வந்தாள், மூக்கை உறிஞ்சினாள், நின்றாள். "சாம்பிராணி போடேல்லையோ?"

சொன்னேன். சுற்றிவளைக்காமல், நின்ற இடத்திலேயே. நான்தான் பிள்ளை, ஒவ்வொரு நாளும் நான்தான் என்றேன். அவள் பெட்டிக்கு முன்னால் குந்தி இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கத்தினால் நன்றாக இருந்திருக்கும். மெட்ரோ பாலத்தில் ஒரு வண்டி போனது. இன்னொன்று போனது.

"நானும் பக்கத்திலை இருந்தனான். டொக்டர் கேக்கேக்கை நானும் இல்லை எண்டுதான் சொன்னனான்" என்றாள். பிறகு சொன்னாள், "எனக்கு அது புகை இல்லையப்பா. அது உங்கட வீட்டு மணம்."

பொபினிக்குக் கொண்டு போகப் போகிறாயா என்று நானே கேட்டேன். அம்மா ஓம் என்று சொல்லிவிட்டாவாம், அவள் போன கிழமையே கேட்டாளாம்.

"அங்கை வேண்டாம். அங்கை ஊசி போட ஒருத்தரும் இல்லை" என்றாள்.

பிறகு கையைக் கழுவப் போனாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

விசில் இல்லை. நான் கேட்டேன், அவள் கேட்டாள், இரண்டு பேரும் கண்ணாடியின் இரண்டு பக்கமும் காதை வைத்துக் கேட்டோம். தலையை நிலத்தில் வைத்துக்கொண்டு கிடக்கிறது. மூக்குத் துவாரம் காய்ந்து சுத்தமாக இருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

கடைசி ஊசி. கை நடுங்கவில்லை. நடுங்காததற்கும் கவலை.

டிசம்பர் 13, சனி

ஆன்-சோஃபி வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "அழகு" என்றார். சளி இல்லை. சாம்பிராணிக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அது எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இனி உங்கள் ஊர்க்காரர் வந்தால் கேட்பேன் என்றார்.

பிள்ளை பொபினி போகும் மெட்ரோவில் ஏறினாள். அடுத்த சனி என் சனி. அதுவரை ஒன்றுமில்லை. நல்லதுதானே? நல்லதுதான். எல்லாம் சுகம். பிறகேன் வீட்டுக்குள் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்?

டிசம்பர் 14, ஞாயிறு

பிஸ்கொத் சாப்பிட்டது! இடுக்கியைக் கிட்டக் கொண்டுபோகவே பாய்ந்து பறித்தது, நான் கதிரையோடு விழப் பார்த்தேன். படம் எடுத்து அனுப்பினேன். உடனே மறுமொழி, பதினைந்து இதயம். எனக்கு இல்லை, எலிக்கு.

டிசம்பர் 15, திங்கள்

கடையால் வந்து விளக்கேற்றிவிட்டு என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மருந்து தொடர்ந்திருந்தால் இன்றைக்கு ஊசி. பழக்கத்தில் புட்டுக்கு மாவை எடுத்துவிட்டேன், ஒரு ஆளுக்கு இவ்வளவு மாவா என்று திட்டிக்கொண்டு திரும்பக் கொட்டினேன்.

மணி அடித்தது. அக்காவாக்கும், நேர்த்தி பற்றி வகுப்பெடுக்க வந்திருக்கிறாள் என்று திறந்தேன்.

சுபாங்கி. முதுகில் பள்ளிக்கூடப் பை.

"ஊசி முடிஞ்சுது பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்வது, வாயில் அதுதான் வந்தது.

"தெரியும்" என்றாள். சப்பாத்தைக் கழற்றினாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். கையைக் கழுவினாள். பெட்டியில் காதை வைத்து ஒரு நிமிடம் இருந்தாள். பிறகு என் மேசையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, "நீங்கள் சுகமோ அப்பா?" என்று கேட்டாள்.

நான் குசினிக்குள் போய் மாவை மறுபடி எடுத்தேன்.

போகும்போது வாசலில் நின்று, "வியாழன்" என்றாள். படியிறங்கிப் போனாள்.

வியாழன் ஊசி நாள். ஊசிதான் இல்லை.